மனிதவளப் பிரிவில் ஏஐ: தொழிலாளியின் கேள்விக்கு அன்றே பதில் தர ஒரு முழுமையான வழிகாட்டி

சம்பளம் ஏறிய மறுநாள் காலை எங்கள் டைம் ஆபீஸ் ஜன்னல் முன்னால் எப்போதும் ஒரு வரிசை நிற்கும். திருப்பூர் பக்கம் அறுநூறு பேர் வேலை செய்யும் ஒரு பின்னலாடை ஆலையில் மனிதவளப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவில் மொத்தம் மூன்று பேர். செக்கிங்கில் இருக்கும் ஓர் அக்கா ஒருமுறை இருபது நிமிடம் வரிசையில் நின்று, ஜன்னலுக்கு வந்ததும் கேட்டார்: "மேடம், ஈஎஸ்ஐ பிடிக்கிறீங்கல்ல, எங்க அம்மாவக் கூட்டிட்டுப் போனா பார்ப்பாங்களா?"

பார்ப்பார்கள். அவரைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் ஈஎஸ்ஐ என்னும் தொழிலாளர் அரசு காப்பீட்டில் மருத்துவம் உண்டு. அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த அக்கா எங்களிடம் நான்கு வருடமாக வேலை செய்கிறார். நான்கு வருடமும் அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்குக் கைக்காசு செலவழித்திருக்கிறார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போன பிறகும் அது மனதைவிட்டுப் போகவில்லை. மனிதவளப் பிரிவில் ஏஐ என்றாலே விண்ணப்பங்களை வடிகட்டுவது, வருகையைக் கண்காணிப்பது என்றுதான் பேச்சு போகிறது. என்னைக் கேட்டால் அதன் முதல் வேலை வேறு. ஒரு தொழிலாளிக்குச் சட்டப்படி எது உரியதோ, அதை அவருடைய மொழியில், அவருக்குத் தேவைப்படும் நேரத்தில் சொல்ல வேண்டும். இரவு ஷிஃப்ட் முடித்து ஹாஸ்டலுக்குத் திரும்பும் பெண், டைம் ஆபீஸ் திறக்கும் வரை காத்திருக்கக் கூடாது.

நூறிலிருந்து ஆயிரம் பேர் வரை வேலை செய்யும் இடத்தில், தனி மென்பொருள் குழு எதுவும் இல்லாமல், இரண்டு மூன்று பேர் கொண்ட மனிதவளப் பிரிவு செய்யக்கூடிய அளவில்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: இரண்டு வாரம் ஒரு நோட்டு போடுங்கள்

எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன், ஜன்னல் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். யார் கேட்டார் என்பது வேண்டாம். என்ன கேட்டார் என்பதை மட்டும், அவர் கேட்ட வார்த்தைகளிலேயே எழுதுங்கள். இரண்டு வாரத்தில் ஒரு சம்பள நாளாவது வர வேண்டும், இல்லையென்றால் பாதிக் கேள்விகள் விட்டுப்போகும்.

எங்கள் நோட்டிலிருந்து சில வரிகள்:

"பிஎஃப் பாஸ்புக்ல கம்பெனி போட்ட காசு என் காசவிடக் கம்மியா இருக்கே?"
"இன்க்ரிமென்ட் வந்து 21,000 தாண்டிருச்சு, இன்னும் ஏன் ஈஎஸ்ஐ பிடிக்கிறீங்க?"
"நின்னுட்டா செட்டில்மென்ட் எப்ப வரும்?"
"அஞ்சாம் மாசம் ஆகுது, லீவுக்கு எப்ப எழுதிக் குடுக்கணும்?"
"போன தடவ ஓடி (ஓவர்டைம்) நாலு மணி நேரம் விட்டுப்போச்சு."
"சூப்பர்வைசர் திட்டிட்டே இருக்கார், வேற லைனுக்கு மாத்துவீங்களா?"

இரண்டு வாரம் முடிந்ததும் மூன்றாகப் பிரியுங்கள். யார் கேட்டாலும் ஒரே பதில் வருபவை முதல் கூடை. பதில் அந்த ஆளின் பதிவேட்டைப் பொறுத்து மாறுபவை இரண்டாவது. ஒரு மனிதர் உட்கார்ந்து கேட்டே ஆக வேண்டியவை மூன்றாவது. மேலே உள்ள பட்டியலில் கடைசிக் கேள்வி மூன்றாம் கூடை. ஓடி கேள்வி இரண்டாவது. மற்றவை பெரும்பாலும் முதல் கூடை. எங்கள் நோட்டிலும் முதல் கூடைதான் நிரம்பி வழிந்தது. ஏஐ அங்கிருந்து தொடங்கினால் போதும்.

படி 2: எதை ஒப்படைக்கக் கூடாது என்று முதலில் எழுதி வையுங்கள்

இதைக் கடைசிக்குத் தள்ளுபவர்கள் அதிகம். முதலிலேயே எழுதி நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஏனென்றால் கருவி ஓரளவு வேலை செய்ய ஆரம்பித்ததும், "இதையும் அதிலேயே போட்டுவிடலாமே" என்ற யோசனை மேலிருந்து வரும்.

ஆள் எடுப்பது, பதவி உயர்வு, வேலையைவிட்டு நீக்குவது ஆகியவற்றில் ஏஐ முடிவெடுக்கக் கூடாது. அமேசான் நிறுவனம் விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போட ஒரு கருவியை உருவாக்கி, கடைசியில் கைவிட்டது. 2018இல் அது செய்தியாக வெளிவந்தது. பத்து ஆண்டு விண்ணப்பங்களை வைத்துப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் அனுப்பியவை. விண்ணப்பத்தில் பெண்கள் அமைப்பு, பெண்கள் கல்லூரி என்று வந்தாலே அந்தக் கருவி மதிப்பெண்ணைக் குறைத்தது. பழைய பழக்கத்தைப் படித்த கருவி பழைய பழக்கத்தையே திருப்பிச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் வேலைக்கு ஆள் தேர்வு, பதவி உயர்வு, பணிநீக்கம் ஆகியவற்றில் ஏஐயைப் பயன்படுத்துவதை அதிக ஆபத்துள்ள வகையில் வைத்திருக்கிறது. பணியிடத்தில் ஊழியரின் முகத்தையோ குரலையோ வைத்து உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளுக்கு 2025 பிப்ரவரி 2 முதல் அங்கே தடை. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு மட்டும் விலக்கு. ஐரோப்பாவுக்குத் துணி அனுப்பும் ஆலைகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பாலியல் துன்புறுத்தல் புகார் எந்த வடிவில் வந்தாலும் ஏஐ அதை விசாரிக்கக் கூடாது, அறிவுரையும் சொல்லக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். புகாரின் விவரத்தை வெளியிடக் கூடாது என்பதும் அதே சட்டம். அந்தப் பேச்சு வந்தவுடன் குழு உறுப்பினரின் பெயரையும் எண்ணையும் தந்துவிட்டுக் கருவி ஒதுங்க வேண்டும்.

இன்னொன்று, மனம் உடைந்து ஒருவர் எழுதும் செய்தி. "இருக்கவே பிடிக்கல" என்று இரவு பதினொரு மணிக்கு ஒரு வரி வரலாம். ஹாஸ்டல் உள்ள ஆலைகளில் இது வரும். அப்போது கருவி சொல்ல வேண்டியவை இரண்டே. ஒன்று 14416. டெலிமானஸ் எனப்படும் அரசு மனநல உதவி எண் அது, இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசுவார்கள். இன்னொன்று அந்த நேரத்தில் போனை எடுக்கும் ஒரு ஆளின் பெயர். இந்தச் செய்தி உடனே ஒரு மனிதருக்கும் போக வேண்டும். காலை வரை காத்திருக்கும் ஏற்பாடாக இருந்தால் தொடங்கவே வேண்டாம்.

படி 3: காகிதங்களை ஒழுங்குபடுத்துங்கள்

மொத்த வேலையில் முக்கால்வாசி இதுதான். கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நாம் கொடுக்கும் காகிதத்தில் இருப்பதைத்தான் அது சொல்லும்.

எங்கள் பீரோவைத் திறந்தபோது லீவு பற்றியே மூன்று சுற்றறிக்கை இருந்தது. ஒன்றுக்கொன்று முரண். ஒன்றில் தேதியே இல்லை. செட்டில்மென்ட் 45 நாளில் என்று ஒரு பழைய தாள். இதையெல்லாம் அப்படியே ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தால், ஏஐ மூன்றில் ஏதோ ஒன்றை எடுத்து மிகுந்த நம்பிக்கையோடு சொல்லியிருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல், சட்டமே மாறிவிட்டது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. வேலையைவிட்டு நின்றவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைக் கொடுக்க வேண்டும். சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்புக்குப் பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும், இப்போது 180 நாள் போதும். பணிக்கொடைக்கு, அதாவது கிராஜுவிட்டிக்கு, பொதுவாக ஐந்து ஆண்டு. ஆனால் குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டாம், ஓராண்டு முடித்தாலே கணக்குப் போட்டுத் தர வேண்டும். சம்பளம் என்ற சொல்லின் வரையறையும் மாறியது. அதிலிருந்து விலக்கிவைத்த படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளமாகவே கணக்கிடப்படும்.

ஏஐ படித்த இணையப் பக்கங்களில் பெரும்பாலானவை இதற்கு முன்னால் எழுதப்பட்டவை. காகிதம் எதுவும் கொடுக்காமல் சும்மா கேட்டால் 240, ஐந்து வருடம் என்று பழைய பதிலையே தரும் ஆபத்து அதிகம். ஆகவே ஒவ்வொரு ஆவணத்தின் தலையிலும் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்தத் தேதி முதல் செல்லும், யார் பொறுப்பு, அடுத்து எப்போது சரிபார்க்க வேண்டும். தொழிலாளர் சட்டம் பார்க்கும் உங்கள் ஆலோசகரிடம் ஒவ்வொன்றையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். பழையவற்றைத் தனிக் கோப்புறைக்கு மாற்றுங்கள். கருவிக்கு அந்தக் கோப்புறை தெரியவே கூடாது.

அப்புறம், கேள்வி பதிலாக மாற்றி எழுதுங்கள். நோட்டில் உள்ள கேள்வியையே தலைப்பாக வையுங்கள். சுற்றறிக்கைத் தமிழ் வேண்டாம். "மேற்படி பணியாளரின் பங்களிப்புத் தொகையானது" என்று தொடங்கும் வாக்கியத்தைக் கருவி அப்படியே ஒப்பிக்கும், கேட்டவருக்கு ஒன்றும் விளங்காது.

பாஸ்புக் கேள்விக்கு நாங்கள் எழுதிய பதில் இது:

"உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் 12 சதவீதம் முழுவதும் உங்கள் பிஎஃப் கணக்குக்குப் போகிறது. கம்பெனியும் அதே 12 சதவீதம் கட்டுகிறது. அதில் 8.33 சதவீதம் உங்கள் பென்ஷனுக்குப் போகிறது, மீதி 3.67 சதவீதம் பிஎஃப்பில் சேர்கிறது. உதாரணமாக அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 14,000 ரூபாய் என்றால், உங்களிடம் பிடிப்பது 1,680. கம்பெனி கட்டுவதும் 1,680. அதில் 1,166 பென்ஷனுக்கு, 514 பிஎஃப்பில். பாஸ்புக்கில் பென்ஷனுக்குத் தனிப் பத்தி இருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள். கூட்டியும் சரியாக வரவில்லை என்றால் பாஸ்புக்கோடு டைம் ஆபீஸுக்கு வாருங்கள்."

கம்பெனி ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டே வருடக்கணக்கில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். இந்த ஒரு பத்தி அவர்களுக்கு எவ்வளவு நிம்மதி தருகிறது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஈஎஸ்ஐ கேள்விக்கும் இதேபோல் கணக்கோடு எழுதினோம். தொழிலாளியிடம் 0.75 சதவீதம், கம்பெனி 3.25 சதவீதம். 16,000 சம்பளத்துக்கு அவர் கட்டுவது 120 ரூபாய், கம்பெனி 520. மாதச் சம்பள வரம்பு 21,000. பங்களிப்புக் காலத்தின் நடுவில் சம்பளம் அதைத் தாண்டினால் அந்தக் காலம் முடியும் வரை பிடித்தம் தொடரும், மருத்துவமும் தொடரும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று.

இப்படி நாற்பது ஐம்பது கேள்விக்கு எழுதிவிட்டால் அடித்தளம் ரெடி. முதல் வரைவை ஏஐயிடமே கேட்டு வாங்கலாம், தவறில்லை. ஆனால் ஒவ்வொரு எண்ணையும் நீங்கள் கையால் சரிபார்க்க வேண்டும்.

படி 4: சிறிய கருவியில் தொடங்குங்கள்

மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலையில் தொழிலாளி வழக்கம்போல உங்களிடமே கேட்கிறார், நீங்கள் ஏஐயிடம் வரைவு வாங்கித் திருத்தி அனுப்புகிறீர்கள். அடுத்தது, உங்கள் ஆவணங்களை மட்டும் பார்த்துப் பதில் சொல்லும் உதவியாளர். சாட்ஜிபிடி, ஜெமினி, கோபைலட் எல்லாவற்றிலும் இப்படி ஆவணங்களை ஏற்றி வைக்க வழி இருக்கிறது. மூன்றாவது, வாட்ஸ்அப்பில் தொழிலாளியே நேரடியாகக் கேட்கும் ஏற்பாடு.

நிறைய பேர் மூன்றாவதிலிருந்து தொடங்க ஆசைப்படுவார்கள். வேண்டாம். முதல் நிலையில் ஒரு மாதம் இருங்கள். எங்கே தப்பு வருகிறது, எந்தக் கேள்விக்கு ஆவணம் இல்லை என்பதெல்லாம் அந்த ஒரு மாதத்தில் உங்கள் கண்ணில் படும். தப்பு தொழிலாளியைப் போய்ச் சேராது.

எதை வாங்கினாலும் நிறுவனக் கணக்காக வாங்குங்கள். யாரோ ஒருவரின் சொந்த இலவசக் கணக்கில் செய்யாதீர்கள். நீங்கள் உள்ளிடுவதை வைத்துத் தங்கள் ஏஐ மாடலைப் பழக்க மாட்டோம் என்று விற்கும் நிறுவனம் ஒப்பந்தத்தில் எழுத்தில் தந்திருக்கிறதா என்று பாருங்கள்.

குரலை மறந்துவிடாதீர்கள். எங்கள் ஆட்களில் பலர் தட்டச்சு செய்வதில்லை, வாய்ஸ் நோட்தான் போடுவார்கள். அதுவும் கொங்குத் தமிழில், பின்னால் மெஷின் சத்தத்தோடு. விற்க வருபவர் அமைதியான அறையில் மேடைத் தமிழில் பேசிக் காட்டுவார். நீங்கள் உற்பத்தி லைனில் எடுத்த பத்து வாய்ஸ் நோட்டை, பேசியவர்களிடம் கேட்டுவிட்டு, அவரிடம் கொடுத்து எழுத்தாக மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் இருந்தால் ஒடியாவிலும் இந்தியிலும் அதே சோதனை. இந்திய மொழிகளுக்காகவே அரசின் பாஷினி திட்டமும், சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவும் உருவாக்கிய மாடல்கள் உள்ளன. உங்கள் மென்பொருள் ஆளிடம் அவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்லலாம். மொழிபெயர்த்த பதிலை அந்த மொழி பேசும் ஒரு தொழிலாளியிடம் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகே வெளியே விடுங்கள்.

படி 5: கருவிக்குக் கட்டளை எழுதுங்கள்

உதவியாளருக்கு நிரந்தரமாகக் கொடுத்து வைக்கும் அறிவுறுத்தல் இது. தமிழிலேயே எழுதலாம். எங்களுடையதை அப்படியே தருகிறேன், உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"நீ எங்கள் ஆலையின் மனிதவள உதவியாளர். இணைத்துள்ள ஆவணங்களில் இருப்பதை மட்டும் வைத்துப் பதில் சொல். ஆவணத்தில் இல்லாததை ஊகித்துச் சொல்லாதே. 'இது என்னிடம் இல்லை. டைம் ஆபீஸில் கேட்டு நாளைக்குள் சொல்கிறோம்' என்று சொல்லி நிறுத்து. எளிய தமிழில், ஐந்து வரிக்குள் பதில் சொல். மரியாதையாக 'நீங்கள்' என்று பேசு. பதில் ஆளுக்கு ஆள் மாறும் என்றால் முதலில் ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேள். தொகை சொன்னால் கணக்கையும் காட்டு. எந்த ஆவணத்திலிருந்து எடுத்தாய், அதன் தேதி என்ன என்று கடைசி வரியில் சொல். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைக் கேட்காதே, யாராவது அனுப்பினால் அனுப்ப வேண்டாம் என்று சொல். துன்புறுத்தல், மிரட்டல், உடல் காயம், மன உளைச்சல் பற்றி வந்தால் அறிவுரை சொல்லாதே. இணைத்துள்ள தொடர்புப் பட்டியலில் இருக்கும் பெயரையும் எண்ணையும் கொடு. லீவு கிடைக்கும், பணம் கிடைக்கும் என்று எந்த உறுதியும் தராதே."

கடைசி வரி சின்னதாகத் தெரியும். கனடாவில் ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குத் துக்கக் காலக் கட்டணச் சலுகை பற்றித் தப்பாகச் சொல்லிவிட்டது. சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற ரீதியில் நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. உங்கள் உதவியாளர் சொல்வதும் கம்பெனி சொன்னதாகத்தான் தொழிலாளி எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்துக்கொள்வதில் நியாயமும் இருக்கிறது.

படி 6: அவர்களுடைய விவரங்களைக் காப்பாற்றுங்கள்

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. வேலை சம்பந்தமான தேவைக்கு ஊழியரின் விவரத்தைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. அதற்காக மொத்த சம்பளப் பட்டியலையும் ஏஐயில் ஏற்றிவிடலாம் என்று ஆகாது.

முதல் கூடைக் கேள்விகளுக்கு யாருடைய விவரமும் தேவையில்லை. பொதுவான பதில், உதாரணக் கணக்கு, அவ்வளவுதான். இரண்டாம் கூடைக்கு, அதாவது "எனக்கு எத்தனை நாள் லீவு மிச்சம்" போன்றவற்றுக்கு, ஆறு மாதமாவது பொறுத்திருங்கள். அப்போதும் சம்பள மென்பொருளிலிருந்து அந்த ஒரு எண்ணை மட்டும் எடுத்துத் தரும்படி இணைப்பு இருக்க வேண்டும், பட்டியல் முழுவதும் கருவிக்குத் தெரியக் கூடாது.

ஹாஸ்டலில் ஒரே போனை மூன்று பெண்கள் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். கணவரின் எண்ணையே தன் எண்ணாகக் கொடுத்தவர்களும் உண்டு. ஒரு பெண்ணின் சம்பளம், அவர் எடுத்த பிஎஃப் முன்பணம், கர்ப்பம் பற்றிக் கேட்ட கேள்வி எல்லாம் அந்த போனில் தெரிந்தால் வீட்டில் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். அதனால் தொகை சம்பந்தப்பட்ட பதிலை வாட்ஸ்அப்பில் தருவதில்லை என்று முடிவெடுத்தோம். அதற்கு நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

படி 7: சோதியுங்கள்

நோட்டிலிருந்து ஐம்பது கேள்வி எடுங்கள், பத்துப் பொறிக் கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொறிக் கேள்வி என்றால், அரைகுறையாகத் தெரிந்தவர் தவறாகச் சொல்லிவிடும் கேள்வி.

"மூணு வருஷம் ஆச்சு, கிராஜுவிட்டி உண்டா?" உண்டு என்றாலும் இல்லை என்றாலும் தப்பு. நிரந்தரமா, குறிப்பிட்ட கால ஒப்பந்தமா என்று கருவி திருப்பிக் கேட்க வேண்டும்.

"மூணாவது குழந்தைக்கும் ஆறு மாசம் லீவுதானே?" இல்லை. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்.

"பேறுகால லீவுல சம்பளம் கம்பெனி தருமா?" ஈஎஸ்ஐயில் இருப்பவருக்குப் பணம் ஈஎஸ்ஐயிலிருந்து வரும், கம்பெனி லீவு தரும். கம்பெனி தரும் என்று கருவி சொல்லிவிட்டால், அந்தப் பெண் ஈஎஸ்ஐக்கு விண்ணப்பிக்காமலேயே இருந்துவிடுவார். ஒரு வரித் தவறு, ஆறு மாத வருமானத்தில் கை வைக்கும்.

"கேன்டீன்ல நாளைக்கு என்ன?" ஆவணத்தில் இல்லை. தெரியாது என்று சொல்கிறதா, இட்லி என்று ஏதாவது கற்பனை செய்கிறதா என்று பாருங்கள்.

ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேளுங்கள்: எழுத்துத் தமிழில், பேச்சுத் தமிழில், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில். மூன்றுக்கும் ஒரே பதில் வர வேண்டும். பணம், லீவு, உடல்நலம் பற்றிய கேள்வியில் ஒரு தவறு வந்தாலும் வெளியே விடாதீர்கள். ஆவணத்தைத் திருத்தி மறுபடி அறுபதையும் ஓட்டுங்கள். சலிப்பாக இருக்கும், ஆனாலும் செய்யுங்கள்.

படி 8: ஒரு லைனில் அறிமுகப்படுத்துங்கள்

நாற்பது பேர் கொண்ட ஒரே ஒரு லைன் போதும். நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டுப் போகாதீர்கள். டீ நேரத்தில் நேரில் போய், அவர்கள் கேட்கும் கேள்வியையே போட்டுக் காட்டுங்கள். எங்களிடம் முதலில் கேட்டவர் ஒரு டெய்லர் அண்ணன். பதிலை இரண்டு முறை படித்துவிட்டு, "இத சூப்பர்வைசர் பாப்பாருங்களா?" என்றார். அந்தக் கேள்வி எல்லார் மனதிலும் இருக்கும். பார்க்க மாட்டார் என்று சொன்னால் மட்டும் போதாது. பார்க்க முடியாதபடி அமைப்பை வைத்துவிட்டு, பிறகு சொல்லுங்கள். யார் கேட்டார் என்ற விவரம் எங்கள் மூன்று பேரைத் தாண்டிப் போவதில்லை, முப்பது நாளில் பெயரும் எண்ணும் அழிந்துவிடும். அதை எழுதி எல்லா மொழியிலும் ஒட்டியிருக்கிறோம்.

ஜன்னலை மூடாதீர்கள். போன் இல்லாதவர், படிக்கத் தெரியாதவர், மெஷினோடு பேசப் பிடிக்காதவர் எல்லாருக்கும் ஜன்னல் எப்போதும்போலத் திறந்திருக்க வேண்டும். ஏஐ பதிலோடு வந்து "இது சரியா மேடம்?" என்று கேட்பவரிடம் பொறுமையாகப் பேசுங்கள். சந்தேகப்படுவது நல்ல பழக்கம்.

படி 9: வாரம் ஒருமுறை கேள்விகளைப் படியுங்கள்

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பெயர் நீக்கிய கேள்விகளை மூன்று பேரும் சேர்ந்து படிக்கிறோம். தப்பான பதில்களைத் திருத்துகிறோம். "என்னிடம் இல்லை" என்று கருவி சொன்னவற்றுக்கு ஆவணம் எழுதுகிறோம்.

இதில் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. ஒரு வாரம் ஓடி விட்டுப்போச்சு என்று ஒரே மாதிரிக் கேள்விகளாக வந்தன. பதில் சொல்லிக்கொண்டே போயிருக்கலாம். சம்பள சிலிப்பை எடுத்துப் பார்த்தோம். மாதக் கடைசி நாட்களின் ஓடி அடுத்த மாத சிலிப்பில்தான் ஏறுகிறது, அது சிலிப்பில் எங்குமே சொல்லப்படவில்லை. சிலிப்பின் அடியில் "25ஆம் தேதிக்குப் பிறகான ஓடி அடுத்த மாதம்" என்று ஒரு வரி சேர்த்தோம். அந்தக் கேள்வி வருவது கிட்டத்தட்ட நின்றேவிட்டது. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் பதிலை மெருகேற்றுவதற்கு முன் கம்பெனி பக்கத்தில் எது குழப்புகிறது என்று தேடுங்கள்.

சட்டம் மாறும் நாளில் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள். சம்பந்தப்பட்ட ஆவணத்தை அன்றே கருவியிலிருந்து எடுத்துவிடுங்கள். புதியது எழுதும் வரை "டைம் ஆபீஸில் கேளுங்கள்" என்று அது சொன்னால் போதும்.

மிச்சமாகும் நேரத்தை எங்கே செலவழிப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் வேறு ஏதாவது அறிக்கை வேலை வந்து அதை விழுங்கிவிடும். நாங்கள் புதிதாகச் சேர்பவர்களுக்குக் கொடுத்தோம். நம் ஊரில் பெயரில் வரும் தலைவலி தெரியும் அல்லவா? முருகேசன் என்று ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் "முருகேசன் கே", பள்ளிச் சான்றிதழில் "கே முருகேசன்", முன்பு வேலை பார்த்த இடத்தின் பிஎஃப்பில் "முருகேசன் கருப்பசாமி". மூன்றும் ஒரே ஆள். பிஎஃப் பணத்தை எடுக்கப் போகும் நாளில்தான் பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வரும். பெரும்பாலும் அது மகள் கல்யாணமோ மருத்துவமனைச் செலவோ இருக்கும் நாளாக இருக்கும்.

இப்போது சேரும் அன்றே ஒவ்வொருவரோடும் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, ஆதார், பழைய யுஏஎன் (பிஎஃப்புக்கான நிரந்தர எண்), வங்கிப் புத்தகம் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி சரிபார்க்கிறோம். பொருந்தவில்லை என்றால் திருத்த விண்ணப்பத்தை அவர் முன்னாலேயே தொடங்கிவிடுகிறோம். எழுந்து போகும் முன் கேட்கிறோம்: "வீட்டுல அப்பா அம்மா உங்களச் சார்ந்து இருக்காங்களா? ஈஎஸ்ஐல பேர் சேத்துரலாம்."